மாட்டின் பின்னங்கால்கள்

அப்பா மாட்டின் பின்பாதியாக நடித்த வருடம் எனக்குப் பத்து வயது. சுவிஸில் ஓல்டன் நகரத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர் நாடகக் குழு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஒரு தேவதைக் கதையை மேடையேற்றும். ராஜா, தாயில்லாத இளவரசி, பொல்லாத மாற்றாந்தாய் எல்லாரும் உண்டு. மாற்றாந்தாயாக எப்போதும் மீசைக்கார ஆண் ஒருவர்தான் வருவார். பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்கக் கூடாது, மேடையை நோக்கிக் கத்த வேண்டும். அதுதான் வழக்கம்.

அப்பாவை அதற்குள் தள்ளிவிட்டது அம்மா. குடியுரிமை நேர்முகத்தில் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்களென யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து வந்ததும் சோபாவில் சாய்ந்துவிடும் அப்பாவுக்குப் பாடவும் வராது, பந்தடிக்கவும் வராது. நாடகக் குழுவில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். இரண்டு பேர் உள்ளே புகுந்து நடக்கிற துணி மாடு அது. முன்பாதி ஓய்வுபெற்ற தபால்காரர். பின்பாதிக்கு வசனம் இல்லை.

வசனம்தான் இல்லையே தவிர, கட்டளைகளுக்குக் குறைவில்லை. நாடகத்தை இயக்கிய பெண்மணி சுவிஸ் ஜெர்மனில் படபடவென்று பேசுவார், அப்பாவுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே வியாழக்கிழமை தோறும் பயிற்சிக்கு, மொழிபெயர்க்க என்னையும் அப்பா இழுத்துக்கொண்டு போனார். சிநேகிதிகள் நீச்சலுக்குப் போன நேரத்தில் நான் குளிர்ந்த வாங்குப் பலகையில் இருந்து ஒரு துணி மாட்டின் பின்புறத்தோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இன்னும் குனியட்டாம்.”

“குனிஞ்சுதான் நிக்கிறன் பிள்ளை.”

“வாலை ஆட்டட்டாம்.”

“ஆட்டுறன்தானே!”

“ஆடேல்லை அப்பா! முன்னுக்கு நிக்கிறவர் வலப்பக்கம் போக நீங்கள் ஏன் இடப்பக்கம் போறீங்கள்?”

மாட்டுக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்று. மாற்றாந்தாய் பால்வாளியைத் திருட வரும்போது வலக்காலால் உதைத்து அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுத்த வேண்டும். இரண்டு மாதப் பயிற்சியில் அப்பா அதைச் சரியாகச் செய்தது நான்கு தடவை.

நாடகத்தன்று என் வகுப்பே வந்திருந்தது. மாற்றாந்தாய் வாளியில் கை வைத்தார். மாடு அசையவில்லை. இருமிவிட்டுத் திரும்பவும் கை வைத்தார். மாட்டின் இடக்கால் மெல்ல எழுந்து, பக்கத்தில் நின்ற ராஜாவின் முழங்காலைப் பதம் பார்த்தது. ராஜா நொண்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. கதிரைமேல் ஏறித் தமிழிலேயே கத்தினேன்.

“அப்பா, வலக்கால்! வலக்கால்!”

கத்துவது வழக்கமாயிற்றே. பின்வரிசைப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு பெரியவர்கள். என் ஆசிரியை உட்பட மண்டபம் முழுவதும் தரையில் காலால் தாளம் போட்டபடி “வலக்கால்! வலக்கால்!” என்றது. மாடு உதைத்தது. மாற்றாந்தாய் தொட்டிக்குள் போனார். கைதட்டல் ஓயவே இல்லை. நான் ஜக்கெட்டைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகாமலிருக்கக் காய்ச்சலோ வயிற்றுக்குத்தோ என்ன வருத்தம் வரவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களில் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் வந்தது. அப்பா நிறுத்தவில்லை.

“அதுதான் பாஸ்போட் வந்திட்டுதெல்லே, இனியும் என்னத்துக்கு உந்த மாடு?” என்றார் அம்மா. மாட்டுக்குள் புகுவதற்கு ஷேட்டை அயன் பண்ணுகிற மனிதரை அவர் வேறெங்கும் கண்டதில்லையாம். அப்பா “சும்மாதான்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார். என்னைக் கூப்பிடுவதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

ஒரு வியாழன் அப்பா ஃபோனை மறந்துவிட்டுப் போனார். அம்மா அதைக் கொடுத்துவிட என்னை அனுப்பினார். மண்டபக் கதவருகில் நின்று பார்த்தேன். பயிற்சி முடிந்து மாட்டுத் துணி கதிரையில் கிடந்தது. அப்பா ஆறேழு பேர் நடுவில் இருந்து, அரைகுறைச் சுவிஸ் ஜெர்மனில், இரண்டு கைகளையும் வீசி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வீட்டில் அப்பா சேர்ந்தாற்போல் நாலு வசனம் கதைத்து நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய், “அப்பா, அம்மா உடன வரட்டாம்” என்றேன்.

அப்பா கதையைப் பாதியில் விட்டார். எல்லாரையும் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்துவிட்டு ஜக்கெட்டை எடுத்தார். ஏன் என்று கூடக் கேட்கவில்லை.

அம்மா அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று வழி நெடுக யோசித்துப் பார்த்தேன். அன்று விளங்கவில்லை.