அப்பா சொல்லாத பதில்

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எங்கோ நடந்த போரால் கப்பலில் சூரியகாந்தி எண்ணெய் வராமல் போன வருடம், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை விலை ஏறிக்கொண்டே போனது. எங்கள் மல்லாட்டை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசையில் நான்தான் மன்றாட்டு வாசித்தேன்.

"போர் நடக்கும் நாடுகளில் அமைதி திரும்ப உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். வழக்கமாக அதை எல்லோரையும்விட உரக்கச் சொல்லும் அப்பா, உதட்டைக்கூட அசைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "ஏம்பா, நீ பதில் சொல்லல?"

"மொதல்ல மல்லாட்டையப் புடுங்கி கமிட்டில போட்டுடலாம்மா. அப்பால சண்டை நிக்கட்டும்."

மழையை இரண்டு நாள் தள்ளிப் போகச் சொல்வது போலத்தான் சொன்னார். தெருநாய் அடிபட்டாலே அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர் அவர்.

"அங்க ஜனங்க செத்துக்கினு இருக்காங்கப்பா."

"தெரியுதும்மா" என்றார்.

ஈஸ்டருக்கு முன்பே மல்லாட்டை நல்ல விலைக்குப் போனது. போர் நிற்கவில்லை. ஈஸ்டர் பூசையிலும் நான் அதே மன்றாட்டை வாசித்தேன். இந்த முறை அப்பாவின் குரல்தான் கோயிலில் பெரிதாகக் கேட்டது. நிமிர்ந்து அவரை முறைக்க நினைத்தேன், முடியவில்லை. மல்லாட்டை விற்ற காசில் அவர் எடுத்துத் தந்த புதுச் சுடிதாரைத்தான் நான் போட்டிருந்தேன்.