ஈயம் இறுகும் இரண்டு விநாடி

கதவைத் தட்டிக்கொண்டிருந்த மகள் சட்டென்று ஓய்ந்தபோது நான் ஏன் உடனே எழவில்லை?

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் எங்கள் வீடு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். குழந்தை பிறந்த பிறகு, எல்.இ.டி. பல்புக்குள் வைக்கும் சின்ன போர்டுகளை வீட்டிலேயே சால்டர் செய்து, அதாவது ஈயத்தால் பற்றவைத்து, கொடுக்கிறேன். ரெசிஸ்டர் என்ற குட்டிப் பாகத்தின் இரண்டு கம்பிக் கால்களைத் துளைகளில் நுழைத்துப் போர்டைக் கவிழ்ப்பேன். காலும் போர்டிலுள்ள செம்பும் ஒன்றாகச் சூடேற, பேனா போன்ற சால்டரிங் அயர்னை வைத்து, ஈயக் கம்பியைத் தொட்டால் அது உருகிக் காலைச் சுற்றிப் பளபளக்கும். அயர்னை எடுத்த பின் இரண்டு விநாடி போர்டு அசையக் கூடாது. அசைந்தால் ஈயம் மங்கிவிடும். பிடித்ததுபோல் இருக்கும், பிடித்திருக்காது. யார் வீட்டிலோ அந்த பல்பு மினுக்கி மினுக்கி அணையும். கடைசியில் நீண்டிருக்கும் காலைக் கட்டரால் நறுக்க வேண்டும். அந்தத் துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். காற்றுப் பட்டால் சூடு நிற்காது என்று ஃபேனும் போடுவதில்லை. ஜன்னல் வழியாக மலைப்பாறையின் அனல் வரும். உள்ளே நான், வெளியே தவழும் மகளும் மாமியாரும்.

அன்று மகள் வெகுநேரம் தட்டினாள்.

"ஏம்மா, பல்புக்கு ரெண்டு காலு வெக்கிறியே, பெத்த புள்ளைக்கு ஒரு கை குடுக்கக் கூடாதா?" என்றார் மாமியார்.

"இதோ அத்த, இந்த ஒண்ணு முடிச்சிட்டு வந்துடுறேன்."

"காலையிலேர்ந்து அந்த ஒண்ணத்தான் முடிச்சிக்கினு இருக்குற!"

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. அப்போதுதான் அயர்னை எடுத்திருந்தேன். ஒன்று, இரண்டு. ஈயம் இறுகியதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மாமியார் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். மகள் எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். விரலை விட்டு எடுத்தேன். நறுக்கிப் போட்ட கம்பிக் கால். மதியம் நான் சாப்பிட வந்தபோது நைட்டியின் ஓரத்தில் ஒட்டி வந்திருக்க வேண்டும்.

வேறு துண்டு எதையும் விழுங்கியிருப்பாளோ என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயில் வயிற்றில் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்ன பிறகும் ஒரு வாரம் அவள் மலத்தைக் கிளறிப் பார்த்தேன்.

"நான்தாம்மா அசந்துட்டேன்," என்று மட்டும் சொன்னார் மாமியார். அதன்பிறகு அவர் என்னைக் கேலி செய்வதில்லை. நான் தாழிட்டதும் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறார். மூட்டு வலியோடு, நான் முடிக்கும்வரை இறக்கி விடுவதே இல்லை. இப்போது வேலையை விட்டால், அவரை நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். விடாவிட்டால், கதவுக்கு வெளியே சத்தமில்லாத ஒவ்வொரு நிமிடமும் அயர்னை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இந்த வேலை செய்பவர்கள் இருந்தால் எழுதுங்கள். உடை மாற்றிவிட்டுத்தான் அறையை விட்டு வருகிறீர்களா? துண்டுகளை எதில் பிடிக்கிறீர்கள்? அவள் வளரும்வரை நிறுத்திவிடுவதுதான் சரி என்றால், மாமியார் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.