துவக்குப் பெட்டிக்குள் சரஸ்வதி

நோர்வேத் தலைநகரின் ஓரத்துக் குரோருடில் ஆயுத பூசை என்றால் டாக்சியைக் கிளப்புகிற திறப்பு, தையல் இயந்திரம், மடிக்கணினி, அதிகம் போனால் மீன் வெட்டுகிற கத்தி. இவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, கூசாமல் ஆயுத பூசை என்கிறோம். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்ட வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பேருந்து ஓட்டுநர் இரவீந்திரனிடம் மெய்யான ஆயுதம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று.

மூன்றும் நூறு வருடப் பழைய க்ராக் துவக்குகள். நோர்வேப் படையினர் ஒரு காலத்தில் தோளில் சுமந்தவை. அனுமதியோடு வாங்கி, சுடும் கழகத்திலும் சேர்ந்து, ஒழுங்காக வைத்திருந்தார். ஆனாலும் அவருடைய கூட்டாளி இந்திரகுமாருக்கு அது செரிக்கவில்லை.

“டேய், துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனி? இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய்.”

“அங்கை துவக்கு என்னைப் பாத்தது மச்சான். இஞ்சை நான் துவக்கைப் பாக்கிறன்.”

கலியாண வீடுகளில் யாராவது இரவீந்திரனிடம் வாயைக் கொடுத்தால் ஆலோசனை இலவசம். முதலில் இரும்புப் பெட்டி வாங்கு, பிறகு துவக்கு வாங்கு. துருவைச் சுரண்டாதே, எண்ணெய் போட்டுப் பொறு. பழைய மரப்பிடிக்குப் புது வார்னிஷ் பூசுகிறவன் பாவி. தோட்டாவை வீட்டில் நிரப்புவதென்றால் மேசையில் ஒரு வேலை, வாயில் ஒரு சொல்லும் இல்லை. நடுவில் யாராவது கதை கொடுத்தால் வெடிமருந்து விட்டோமா விடவில்லையா என்று யோசிக்காதே; எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு.

அருமையான விதி. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் சனம் வந்து இறங்குகிற தமிழ் வீட்டில் இதைக் கடைப்பிடிக்கிறவர் வருடத்துக்கு எத்தனை தோட்டா நிரப்பியிருப்பார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வெற்றுத் தோட்டாக் கோதுகள் மட்டும் பளபளவென்று மினுங்கின. குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் பழப்புளி போட்டுத் தேய்த்தவர் மனைவி புஷ்பமலர்.

2005ஆம் ஆண்டு இரவீந்திரன் நாலாவது துவக்கில் கண் வைத்தார். அதற்கு, ‘சேகரிப்பாளர்’ என்ற அங்கீகாரம் பொலிஸிடமிருந்து வரவேண்டும். அதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு வந்து, துவக்குகள் பெட்டிக்குள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிழை கண்டால் நாலாவது வராது என்பது மட்டுமல்ல, இருக்கிற மூன்றும் போய்விடலாம்.

சோதனை அடுத்த கிழமைதான் என்றிருந்தது. அதனால் ஆயுத பூசையன்று, “உங்கட சாமானை வைக்காமல் ஆரின்ரை ஆயுதத்துக்கப்பா பூசை?” என்று புஷ்பமலர் கேட்டபோது, இவர் மனம் இளகிவிட்டார். குண்டு இல்லையென்று ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்து, சுடும் பொறியையும் கழற்றிப் பூட்டிவிட்டு, துவக்குகளைக் கூடத்தில் சரஸ்வதி படத்தின் முன் பட்டு விரித்துக் கிடத்தினார். சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. வெடிமருந்து கீழே நிலவறையில், தனிப் பெட்டியில். அந்த விஷயத்தில் அவர் சாமிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அப்போது தொலைபேசி அடித்தது. பொலிஸ் பெண்மணி. “இன்று உங்கள் பக்கம் வந்திருக்கிறேன். வரலாமா? வசதியில்லாவிட்டால் அடுத்த கிழமையே வருகிறேன்.”

நோர்வேஜியன் ஒருவன் ‘அடுத்த கிழமை’ என்றிருப்பான். யாழ்ப்பாணத்து வாய் என்ன செய்யும்? “வாங்கோ, வாங்கோ! சாப்பிட்டிட்டுப் போகலாம்!” என்று நல்ல நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டது.

தொலைபேசியை வைத்த பிறகுதான் தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தார்.

“புஷ்பம், துவக்கை எடுத்து உள்ளை வைக்கவேணும்!”

“பூசையில வைச்சதை நாளைக்கு விஜயதசமிக்கு முதல் தொடக்கூடாது.”

“பொலிஸ் வருதப்பா!”

“ஆர் வரச்சொன்னது? வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

“வாங்கோ எண்டு சொன்ன வாயாலை வராதேங்கோ எண்டு சொல்லுறதோ?”

இதைப் புஷ்பமலரும் ஒத்துக்கொண்டார். பூசைக் கடலை தின்ன வந்திருந்த இந்திரகுமார், “போச்சு. மூண்டும் போச்சு” என்று ஆறுதல் சொன்னார்.

புஷ்பமலர் சரஸ்வதி படத்தின் பக்கம் திரும்பினார். “கோயில்ல சுவாமி வீதி உலா போறவர்தானே? அதாலை பூசை குலையுதோ?”

“இல்லை” என்றார் இரவீந்திரன்.

“அப்ப சரஸ்வதியும் உலா போகட்டும். கை படாமல் பட்டோடை தூக்குங்கோ.”

பிறகு நடந்ததை நோர்வேயின் ஆயுதச் சட்டம் எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். முன்னால் படத்தோடு புஷ்பமலர். பின்னால் பட்டில் சுற்றிய துவக்குகளோடு இரவீந்திரன். கடைசியில் கடலைத் தட்டோடு இந்திரகுமார், “அரோகரா! அரோகரா!” கூடத்திலிருந்து படுக்கையறையில் இருந்த துவக்குப் பெட்டி வரைக்கும் ஊர்வலம். பட்டை மட்டும் உருவியெடுக்க, துவக்குகள் தங்கள் இடத்தில் நிமிர்ந்து நின்றன. மேல்தட்டில் சரஸ்வதி. விளக்கு மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது. பெட்டி பூட்டிய சத்தமும் அழைப்பு மணிச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

பொலிஸ் பெண்மணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். பெட்டியைப் பிடித்து அசைத்தார். அசையவில்லை. திறக்கச் சொன்னார்.

சந்தன வாசம் குப்பென்று அடித்தது. நெற்றிப் பொட்டோடு மூன்று துவக்குகள். மேலே வீணையோடு ஒரு பெண். அந்த அம்மாள் படத்தைக் கையால் சுட்டினார்.

“இவர் யார்?”

“சரஸ்வதி. கல்விக்குத் தெய்வம்.”

“இவரிடம் பெட்டியின் திறப்பு இருக்கிறதா?”

“இல்லை. என்னிடம் மட்டும்தான்.”

“அப்படியானால் சட்டப்படி சரி.”

சிரித்தாரா என்று கேட்காதீர்கள். நோர்வேயில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். துவக்குகளின் இலக்கங்களைப் பார்க்கவென்று இரண்டு கையாலும் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். வெடிமருந்துப் பெட்டியையும் போய்ப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பவர்கள் குறைவு, அங்கீகாரத்துக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் கடலையும் தின்றுவிட்டுத்தான் போனார்.

கார்த்திகை பிறக்க முன் நாலாவது துவக்கு வீட்டுக்கு வந்தது. ஆனால் குரோருடிலும் நகரின் மறுபக்க மோர்டென்ஸ்ருடிலும் தமிழர் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அதைவிடப் பெரிய சேதியைப் புஷ்பமலர் தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார்:

“நான் பின்னாலை நிண்டு கண்ணாலை கண்டனான். பொலிஸ் மனுசி ரெண்டு தரம் குனிஞ்சு கும்பிட்டிட்டுத்தான் போனவ!”