ஆற்றுத் தடை எடுத்தாச்சு

ஒன்பதாவது பிறந்தநாளுக்கு எனக்குக் கேக் வேண்டாம், உடுப்பு வேண்டாம், தேம்ஸில் படகேறி கிரீனிச் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷிப்ட். வீட்டில் மிஞ்சியவர் மாமா ஒருவர்தான். அவரோ லண்டனுக்கு வந்த நாளிலிருந்து படகு என்றால் பக்கமே போகாத மனிதர்.

"பஸ்ஸிலை போவம் பிள்ளை. மேல்தட்டிலை இருந்தால் ஆறு வடிவாத் தெரியும்," என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்வளவில் போய் இருந்தேன்.

லண்டன் மனோர் பார்க் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு சீனத் தாத்தா இருந்தார். வேலிக்கு மேலால் மாமா மிளகாய்க் கன்று கொடுப்பார், அவர் கீரை கொடுப்பார். ஒருவருடைய ஆங்கிலம் மற்றவருக்குப் பிடிபடாது என்பதால் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். சம்பளம் இல்லை, பிஸ்கட் உண்டு.

தாத்தா பிறந்தது தென்சீனத்தில், ஓர் ஆற்றங்கரையில். தகப்பனார் உப்புப் படகு ஓட்டியவர். யுத்தம் வந்ததும் ஜப்பான்காரர் ஆற்றை அடைத்துவிட்டார்களாம். பாஸ் இல்லாத படகு நகரக்கூடாது. களவாகப் போவதென்றால் விளக்கும் கூடாது, பேச்சும் கூடாது. ரோந்துப் படகின் சத்தம் கேட்டால் எல்லோரும் குப்புறப் படுக்க வேண்டும். "யாழ்ப்பாணத்திலை, கிளாலிக் கடலிலை, நேவிக்குப் பயந்து நாங்களும் இப்பிடித்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லு," என்பார் மாமா. சொல்வேன். இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். எனக்குக் கொட்டாவி வரும்.

அன்று என் முகத்தைப் பார்த்துத் தாத்தா விசாரித்தார். சொன்னேன். உள்ளே போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, "இந்த ஆற்றில் தடை எடுத்தாயிற்று, நானும் வருகிறேன் என்று மாமாவிடம் சொல்," என்றார்.

அப்படியே மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "சரி, வாறன் எண்டு சொல்லு."

படகில் இருவருக்கும் நடுவில் நான், கையில் ஐஸ்கிரீம். மாமா கம்பியை விடவேயில்லை. டவர் பிரிட்ஜ் தாண்டியதும் பின்னால் பொலிஸ் படகொன்று இரைந்துகொண்டு வந்தது. அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு கைகள் என் தலையை அமுக்கின. மூவரும் இருக்கைக்குக் கீழே. என் மூக்கு ஐஸ்கிரீமுக்குள்ளே.

பொலிஸ் படகு தன்பாட்டில் எங்களைக் கடந்து போனது. குனிந்தபடியே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் தாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மாமாவுக்கு. அப்பப்பா, என்ன சிரிப்பு. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் கண்டது அன்றுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னொருக்கா, மாமா," என்றேன். பாவம், மறுக்கவில்லை. கிரீனிச் வரைக்கும் எந்தப் படகு வந்தாலும் மூவரும் குனிந்தோம். சுற்றுலா வந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

எனக்காகவே இருவரும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாங்குகளில் சிநேகிதிகளை இருத்தி அதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி ரோந்துப் படகு. மற்றவர்கள் குனிய வேண்டும். தலை தெரிந்தால் அவுட். வீட்டுக்கு வந்து, ஒருதரம்கூட அவுட் ஆகாதவள் நான்தான் என்று மாமாவிடம் பெருமையடித்தேன்.

"கெட்டிக்காரி," என்று என் தலையைத் தடவினார். அந்தக் கையை எடுக்க அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்கு விளங்கவில்லை.