நாலாவது பாட்டுக்கு முன்னால்

இது நடந்தது. எனக்கல்ல, என் சித்திக்கு. கட்டுக்கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சித்திக்கு அறுபத்து மூன்று வயது. பொய் சொல்லி அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நடந்ததும் நடுராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருந்த வீட்டில்.

இருபத்திரண்டு வயதில் சித்தி ஒரு ராக் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தாள். கார் ஷெட்டில் பழகி, பாரில் வாசிக்கிற நாலு பேர். பாடகர் அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா. குழுவின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு லைவ் ரெக்கார்டு போட்டார்கள், இருநூறு பிரதி. அதில் நாலாவது பாட்டுக்கு முன்னால் மாமா மைக்கில் சொல்வார்: "என் தங்கச்சி சும்மா அழகுக்கு நிக்கிறா. நிஜமா வாசிக்கிற ஆளு திரைக்குப் பின்னால இருக்கான்!" பார் முழுக்கச் சிரிக்கும்.

விளையாட்டுக்குச் சொன்ன பொய்தான். ஆனால் ரெக்கார்டில் ஏறிவிட்டதே! கேட்டவர்கள் நம்பினார்கள். குழு கலைந்த பிறகு வேறெந்தக் குழுவும் சித்தியைக் கூப்பிடவில்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தே முப்பது வருஷத்தை ஓட்டினாள். மாமாவை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூத்தவர். 'வாங்கண்ணா, போங்கண்ணா' என்றே பழகிய வாய். அவர் போய்ச் சேர்ந்தும் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

இப்போது அந்த ரெக்கார்டுக்குத் திடீர் மவுசு. மறுபடி வெளியிட ஒரு ஸ்டூடியோக்காரர் வந்தார். குழுவில் மிச்சமிருப்பது சித்தி ஒருத்திதான். கையெழுத்து அவள்தான் போட வேண்டும்.

"அந்த ஒரு பேச்சை மட்டும் வெட்டிடுங்க," என்றாள்.

"லைவ்னா நடந்தது நடந்தபடி இருக்கணும்மா. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வர்றேன், யோசிச்சு வைங்க."

கையெழுத்துப் போட்டால் அந்தப் பொய் மறுபடி உலகம் சுற்றும். போடாவிட்டால் அவள் வாசித்ததற்கு இருக்கிற ஒரே சாட்சியும் மண்ணாகப் போகும். எப்படிப்பட்ட இக்கட்டு, பாருங்கள்!

வியாழக்கிழமை மதியம் 3:31. ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று ரெக்கார்டைப் போட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மூன்று பாட்டும் ஒழுங்காக ஓடின.

3:40. மாமாவின் குரல். திரைக்குப் பின்னால... சிரிப்பு.

அந்தச் சிரிப்பு பதினோரு நொடி. சித்திக்கு அது மனப்பாடம். அன்று பதினோரு நொடியில் நிற்கவில்லை. அரை நிமிஷம்... ஒரு நிமிஷம்...

ஊசி சிக்கிக்கொண்டது என்று நினைத்து அதைத் தூக்கினாள்.

சிரிப்பு நிற்கவில்லை.

ப்ளக்கைப் பிடுங்கினாள். தட்டு மெல்லச் சுற்றி நின்றது. சிரிப்பு மட்டும்... ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. சோபாப் பக்கமிருந்து வந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. குப்பென்று சிகரெட் வாடை.

3:44. டக்... டக்... யாரோ மைக்கை விரலால் தட்டினார்கள்.

"என்ன... தங்கச்சி முறைக்கிறா?"

ரெக்கார்டில் இல்லாத வரி அது.

வாசல் பத்தடி தூரம்தான். ஓடியிருக்கலாம். ஆனால் சித்திக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்ததாம்.

"டேய்!"

அண்ணனை வாழ்நாளில் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டாள்.

"அங்க ஏதுடா திரை? செவுருதான்டா இருந்துச்சு! வாசிச்சது நான்! நான்டா!"

சிரிப்பு பட்டென்று நின்றது.

கைதட்டல். ஒரே ஒருவர். சோபாவிலிருந்து...

சோபாவில் யாரும் இல்லை.

3:46. பிறகு சத்தமே இல்லை.

ஐந்து மணிக்கு ஸ்டூடியோக்காரர் வந்தார். கையில் காகிதம், முகத்தில் குழப்பம்.

"உங்க ரெக்கார்டு தேஞ்சிருக்கும்னு வேற ஒரு பிரதி வாங்கினேம்மா. நாப்பத்தோரு வருஷமா உறையே பிரிக்காதது. நான்தான் பிரிச்சேன். அதுல நாலாவது பாட்டுக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா 'டேய்'னு கத்துறாங்க. யாரும்மா அது?"

"எப்பப் பிரிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல. பத்து மணிக்கு."

சித்தி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் என்ன வருது?"

"யாரோ கைதட்டுறாங்க. அப்புறம்..." அவர் தயங்கினார். "ஒரு ஆம்பிளை அழுவுற சத்தம். தட்டு முடியற வரைக்கும்."

"அழட்டும்," என்றாள் சித்தி. "கையெழுத்து எங்க போடணும்?"