கழிக்கச் சொன்ன சத்தம்

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் படம் விஜிதாவின் மடிக்கணினியில் இன்றைக்கும் இருக்கிறது. சங்கரன்கோவிலில் அந்த விசைத்தறிக்கூடமும் இருக்கிறது.

உள்ளே நுழையும்போதே அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் தறி ஓடும்போது கூடுதலாக ஒரு 'தட்... தட்' கேட்கிறதாம். அதை ஓட்டுகிற வேல்விழிதான் கெடுத்துவிட்டாளாம். அதை நிரூபித்து அவளை வேலையை விட்டுத் துரத்துவதற்குத்தான் முதலாளி ஞானதுரை, சத்தத்தைப் படம் பிடிக்கும் விஜிதாவை வரவழைத்திருந்தார்.

"மிஷினு பொய் சொல்லாதுல்லா?" என்று சிரித்தார்.

"யாருக்காகவும் சொல்லாது அண்ணாச்சி."

அறுபத்து நான்கு மைக்குகள் பதித்த பலகையை நிறுத்தினாள். சத்தம் பிறக்கும் இடம் திரையில் சிவக்கும். தறிகள் நின்றிருக்கும்போது முதலில் பதிய வேண்டும். பிறகு ஓடும்போது பதிந்து, அதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். அன்று மாதாந்திர மின்தடை. காலை பத்து மணிக்குக் கூடம் அடங்கியது.

சுவிட்சுகளை மட்டும் யாரும் அணைக்கவில்லை. கரண்ட் வந்த நொடியே தறி ஓட வேண்டும் என்பது ஞானதுரையின் சட்டம்.

திரை முழுக்க நீலமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு சிவப்புப் புள்ளி.

ஏழாம் தறிக்குப் பக்கத்தில், வெறும் தரைக்கு மேலே, ஆள் நிற்கும் உயரத்தில். துடித்தது... நின்றது... துடித்தது. காதில் எதுவும் விழவில்லை.

விஜிதா பயப்படவில்லை. அவள் போட்டிருந்தது வேகக் கணக்கு. மைக்குகளை வரிசை வரிசையாகப் பிரித்துக் கூட்டினால் அரை மணி நேர வேலை அரை நொடியில் முடியும். சில சமயம் இல்லாத புள்ளியும் விழும். முழுக் கணக்கில் அது மறைந்துவிடும். போட்டாள். காத்திருந்தாள்.

மறையவில்லை. இன்னும் கூர்மையானது.

"அங்கன என்ன இருந்துச்சு?" என்று ஞானதுரையிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. எப்பவும் உள்ள சத்தந்தான். கழிச்சிருங்க."

"எப்பவும் உள்ளதா? தெரிஞ்சுக்கிட்டேதான் இவளத் துரத்துதீங்களா?"

ஏழாம் தறியோரம் நின்ற வேல்விழி முணுமுணுத்தாள். "அங்கன ஒரு தறி நின்னுச்சுக்கா. பூமாரி..."

"வாய மூடுட்டி! அறுந்த இழைய முடிஞ்சு போடு மொதல்ல!"

வேல்விழி ஏழாம் தறிக்குள் கையை விட்டாள். விஜிதா எரிச்சலோடு மறுபடி வேகக் கணக்குக்கு மாற்றினாள்.

சிவப்பு நகர்ந்தது.

வேல்விழியின் தோளுக்கு... முழங்கைக்கு...

விரல்களுக்கு.

"கைய எடு!"

எடுத்தாள்.

தட்!

தறி மூன்று முறை அடித்து நின்றது. கூடம் மறுபடி அடங்கியது. முழுக் கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தால், அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

டீக்கடையில் வேல்விழி மீதியைச் சொன்னாள். அந்தத் தறியை ஓட்டிய பூமாரியும் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் இழை முடியக் கையை விட்டாள். சுவிட்ச் அணைக்கவில்லை. கரண்ட் வந்தது. மயங்கி விழுந்து செத்தாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஞானதுரை மறுநாளே அந்தத் தறியைப் பெயர்த்து விற்றார்.

ஏழாம் தறியில் பழுதில்லை என்று விஜிதா அறிக்கை எழுதினாள். சிவப்பைக் கழிக்கவில்லை. அணைக்காத சுவிட்சுகளின் படத்தை முதல் பக்கத்திலேயே வைத்து, தொழிலாளர் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னால் எப்படிக் கரண்ட் விடலாம் என்று, லைனில் வேலை பார்த்தவரைத் தேடிப் பிடித்துக் கத்தினாள்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்தத் தெருவுக்கு நாங்க கரண்டே விடலியேம்மா..."