மல்லிகை எண்ணெய் காத்தாயி

"வீட்டுல பால்குடிப் புள்ள இருக்கா, தாயி?"

காத்தாயி முதலில் கேட்டது அதுதான். 1958ஆம் வருஷம், கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை வாசலில் நின்றுகொண்டு கேட்டார். அவர் செய்யும் மல்லிகை எண்ணெயில் ஒரு சீசா வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

"எண்ணெய் தலைக்குத்தானே? அதுக்கு எதுக்கு இந்த விசாரணை?" என்றேன்.

"தலைக்குன்னு சொல்லித்தான் குடுப்பேன். எங்க பூசுறாகன்னு பாக்க நான் பின்னாலயே வர முடியுமா? போன மாசம் நம்ம மூக்கன் வாங்கிட்டுப் போயி மாட்டுக் கொம்புல தடவியிருக்கான். மாடு மணக்குது, மூக்கன் நாறுறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சது போதும். இருக்கா, இல்லையா?"

"இல்லை."

"மெய்யாவா?"

"இல்லைன்னு சொல்றேன்ல."

"நீங்க படிச்ச புள்ள. சொன்னாச் சரிதான்" என்று கூடையிலிருந்து சீசாவை எடுத்துக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் உள் அறையில் என் அண்ணன் மனைவி ஜன்னத் பீவி ஐம்பது நாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரசவத்துக்குக் கோட்டைப்பட்டினத்துக்குப் போனவர், தாய் வீட்டிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காத்தாயிக்கு அது தெரிய வழியில்லை.

மச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மச்சிக்குத் தூக்கமே இல்லை. காரணம் சொல்லாமல் அழுதார். மல்லிகை எண்ணெயை உச்சியில் வைத்தால் தூக்கம் வரும், உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் மனம் லேசாகும் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். குழந்தை இருக்கிறது என்றால் காத்தாயி தரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தமிழும் இங்கிலீஷும் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த நேரம் அது. பூவுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம், படிக்காதவர்கள் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சம்பந்தத்தைக் காத்தாயி தன் உடம்பிலேயே அறிந்திருந்தார். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த வருஷத்தில் அவருக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. மூன்றாம் மாதமே இறந்துவிட்டது. பால் கட்டி மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். காலையும் மாலையும் பூ மாற்றினார்கள். நாலாம் நாள் பால் வற்றியது. "புள்ள போனப்ப அழுதேன். பால் போனப்பத்தான் கத்துனேன்" என்று பிற்பாடு ஒரு நாள் சொன்னார்.

அவர் கணவர் வீரய்யா பூந்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். சந்தையில் பூ விலைபோகாத நாட்களில் மிஞ்சும் மொட்டுகளைக் காத்தாயி வீட்டுக்கு எடுத்துவருவார். வெள்ளை எள்ளை ஒரு வரிசை பரப்பி, அதன் மேல் மொட்டு ஒரு வரிசை என்று அடுக்கி மூடிவைப்பார். மொட்டு எள்ளுக்குள்ளேயே விரியும். வாடியதைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் புது மொட்டு போடுவார். பத்து நாள் இப்படி மாற்றியபின் எள்ளைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயே பூவாக மணக்கும். குழந்தையை இழந்த வீடுகளிலிருந்தும், பால் மறக்கடிக்கும் வீடுகளிலிருந்தும் பூக்கட்ட அவரைத்தான் அழைப்பார்கள். எந்த வீட்டிலும் அடுக்களை வரை போவார். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் சீசாவைக் கையிலிருந்து விடமாட்டார்.

மச்சியின் தலைக்கு எண்ணெய் வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினார். மறுநாள் மார்பு கனத்து வலிக்கிறது என்றார். உடம்பும் லேசாகச் சுட்டது. வலிக்கு இதமாக இருக்கும் என்று நானே அந்த எண்ணெயில் பஞ்சை நனைத்து வைத்துக் கட்டிவிட்டேன். வலி குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் கட்டினேன். ஐந்தாம் நாள் குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது.

அம்மா பஞ்சை முகர்ந்து பார்த்தார். காத்தாயிக்கு ஆள் போனது.

"ஏன்டி, பச்சப் புள்ள இருக்கிற வீட்டுல இதக் குடுத்திருக்கியே, நீயும் புள்ள பெத்தவதானே?" என்றார் அம்மா.

"கேட்டுட்டுத்தாங்கம்மா குடுத்தேன்."

"யாருகிட்ட கேட்ட?"

காத்தாயி என்னைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"ரமீஜா, ஒன்கிட்டயா கேட்டா?"

"என்கிட்ட ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"கேட்டுக்க. படிச்ச புள்ள பொய் சொல்லுமா?"

காத்தாயியின் உதடு அசைந்தது. அதற்குள் உள்ளே குழந்தை அழுதது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, "பூண்டு வேகவச்சுக் குடுங்கம்மா. புள்ளய விடாம மாருல போடுங்க. கொஞ்சமாச்சும் திரும்பும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொஞ்சம் திரும்பியது. மீதிக்கு ஆட்டுப்பால் கொடுத்தோம். குழந்தை பிழைத்து இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மச்சிக்கு வந்த அந்தக் காய்ச்சலாலும் பால் வற்றியிருக்கலாம் என்று, பிறகு வந்து பார்த்த டாக்டரம்மா சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடப் பல நாள் பார்த்தேன். வற்றியது எதனால் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டார், நான் இல்லை என்றேன், அது தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அவரை அதன்பின் உள்ளே விடவில்லை. பூக்கட்டவும் கூப்பிடவில்லை. "கேக்காமக் குடுக்கிறவ" என்று பேர் வந்துவிட்டது. நான் வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

காத்தாயி மேல் பழி விழுந்து இரண்டு மாதம் கழித்து, டீச்சர் டிரெயினிங் விண்ணப்பத்தை அனுப்பத் தபாலாபீஸுக்குப் போனேன். வாசலில் காத்தாயி நின்றிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறந்த குழந்தையைப் பற்றி அன்றுதான் சொன்னார். பிறகு, இனிமேல் பஸ் ஏறி அரிமளம் பக்கம் போய் விற்கப்போவதாகச் சொன்னார்.

"நான் கேட்டேன்னா யாரு நம்புறா? எழுத்துல இருந்தா நம்புவாக. பால் குடுக்கிற தாய்க்கு ஆகாதுன்னு சீட்டு எழுதிக் குடுங்க, தாயி. சீசாவுக்கு ஒண்ணா ஒட்டிக்கிறேன்" என்று சொல்லி மடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து நீட்டினார். பழைய நோட்டுத் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து வைத்திருந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க என்ன எழுதுறீகளோ அதுதான். எது மேல்பக்கம்னு மட்டும் ஒரு புள்ளி வச்சிருங்க. தலைகீழா ஒட்டிரக் கூடாது."